பெயர் பொறித்துக் கொடுத்தால் அது உங்களுக்கென்றே செய்ததாகிவிடுமா?

கேட்கப்பட்டது இதுதான்: ஒருவர் ஒரு தோல் பையும் ஒரு சமையல் கத்தியும் வாங்கப் பார்க்கிறார். இரண்டையும் விற்பவர்கள் "முழுக்கக் கைவேலை, உங்களுக்கென்றே தனியாகச் செய்து தருகிறோம்" என்கிறார்கள். நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம், பெயரைப் பொறித்துத் தருவார்கள். விலையோ தொழிற்சாலைப் பொருளைவிடப் பல மடங்கு. இது உண்மையிலேயே கஸ்டம்தானா, அந்த விலைக்குத் தகுமா, எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

நான் கத்தி செய்கிறவன். தோல், மரம், தையல் வேலைக்காரர்களோடு நல்ல பழக்கம் உண்டு. அதனால் கத்தியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எப்படிச் செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள், நன்றாகச் செய்தார்களா? விற்பனைப் பேச்சில் மூன்றும் ஒரே மூச்சில் வருவதால், ஒன்று இருந்தால் மற்ற இரண்டும் கூடவே வந்துவிடும் என்று நமக்குப் படுகிறது. அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. பிரிட்டனுக்கு அருகே ஐல் ஆஃப் மேன் தீவில் வாழ்ந்த ஜார்ஜ் டேனியல்ஸ் கடிகாரத்தின் கிட்டத்தட்ட எல்லாப் பாகங்களையும் தன் கையாலேயே செய்தவர். அவர் கண்டுபிடித்த கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்ட் என்ற, கடிகார ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பைத்தான் ஒமேகா நிறுவனம் 1999-ல் தன் கடிகாரங்களில் எடுத்துக்கொண்டது. ஆனால் அவர் பெரும்பாலும் தனக்குத் தோன்றியதைச் செய்தார், பிறகுதான் யாருக்குக் கொடுப்பது என்று பார்த்தார். கைவேலையில் அதற்கு மேல் போக முடியாது, ஆனாலும் அவை வாங்கியவருக்காகச் செய்தவை என்று சொல்ல முடியாது. எதிர்முனையில், உங்கள் புகைப்படம் அச்சிட்ட தேநீர்க் கோப்பை இருக்கிறது. உலகத்தில் வேறு யாரிடமும் இருக்காது. அதில் வேலைப்பாடு என்று சொல்ல என்ன இருக்கிறது?

கஸ்டம் என்பதிலேயே படிகள் உண்டு. தையல் தொழிலில்தான் இது பளிச்சென்று தெரியும். கடையில் தொங்கும் கோட்டு முதல் படி. உங்கள் அளவை எடுத்து, ஏற்கெனவே வைத்திருக்கும் பேட்டர்னில் (துணி வெட்டுவதற்கான காகித மாதிரியில்) கை நீளத்தையும் இடுப்பையும் கூட்டிக் குறைத்து வெட்டுவது அடுத்த படி. மூன்றாவது படியில் உங்கள் உடம்புக்கென்று வெற்றுக் காகிதத்தில் புதிதாகப் பேட்டர்ன் வரைகிறார்கள். கோட்டைத் தற்காலிகமாக நூலோட்டித் தைத்து, உங்களைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, பிரித்து, திருத்தி மறுபடி வெட்டுகிறார்கள். லண்டனில் தையல் கடைகளுக்குப் பேர்போன சாவில் ரோ தெருவின் தையற்கலைஞர்கள் 2004-ல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தது இந்த மூன்றாவது வகையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். கோட்டும் கால்சட்டையும் சேர்ந்த ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை என்பது அவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

இரண்டாம் படியிலும் அளவு எடுக்கிறார்கள், மூன்றாம் படியிலும் எடுக்கிறார்கள். அப்படியானால் வித்தியாசம் எங்கே? டேப்பில் பதிவாகாத விஷயங்களில்தான். ஒருவருக்கு வலது தோள் இடதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். இன்னொருவர் எப்போதும் ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்பார். ஒரே மார்பளவு உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு முதுகு வளைந்திருக்கும், மற்றவருக்கு நெஞ்சு முன்னால் வந்திருக்கும். வெட்டுபவர் ஆளைப் பார்க்க வேண்டும், அவர் நடப்பதையும் உட்காருவதையும் பார்க்க வேண்டும். காலணியிலும் இதே கதைதான். உங்கள் இரண்டு பாதங்களுக்கும் தனித்தனியாகப் பாத வடிவ மரக்கட்டை செதுக்கி அதன் மேல் தோலை இழுத்துச் செய்தால் அது ஒரு வகை. இருக்கிற கட்டையின் மேல் ஒரு துண்டு தோலை ஒட்டி அகலப்படுத்துவது வேறு வகை. இரண்டாவதில் தவறில்லை, பலருக்கு அதுவே போதும். ஆனால் முதலாவதன் பெயரில் அதை விற்கக் கூடாது.

இதிலிருந்து நான் பயன்படுத்தும் அளவுகோலைச் சொல்கிறேன். இந்தப் பொருளில் உள்ள முடிவுகளில் எவையெல்லாம் நீங்கள் வருவதற்கு முன்பு எடுத்திருக்கவே முடியாதவை? பன்னிரண்டு நிறத்தில் ஒன்று, மூன்று அளவில் ஒன்று, நான்கு பக்கிளில் ஒன்று என்று நீங்கள் தேர்ந்தெடுத்தால், முடிவுகள் எல்லாம் ஏற்கெனவே எடுக்கப்பட்டவை, நீங்கள் பட்டியலில் குறியிட்டீர்கள், அவ்வளவுதான். பெயர் பொறிப்பதும் அதில்தான் சேரும். பையின் வார் நீளத்தை உங்கள் உயரத்துக்கு மாற்றித் தந்தால் கொஞ்சம் முன்னேற்றம். நீங்கள் பையை எந்தத் தோளில் போடுகிறீர்கள், உள்ளே எதை வைக்கிறீர்கள், எதை அடிக்கடி எடுக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டு, அதன்படி வாயின் திறப்பையும் உள்ளறையையும் எடை தாங்கும் இடத்தையும் புதிதாக அமைத்தால், அது கஸ்டம்.

கத்தியில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். ஒருவர் என்னிடம் வந்து "ஒரு நல்ல சமையல் கத்தி வேண்டும்" என்றால் என் முதல் கேள்வி எஃகைப் பற்றி இருக்காது. இப்போது எந்தக் கத்தி வைத்திருக்கிறீர்கள், அதில் எது பிடிக்கவில்லை என்று கேட்பேன். பலகை மரமா, பிளாஸ்டிக்கா? வெட்டும்போது கத்தியை முன்னும் பின்னும் ஆட்டுகிறீர்களா, நேராக இறக்குகிறீர்களா? ஆட்டி வெட்டுபவருக்குக் கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, வளைந்திருக்க வேண்டும், நேராக இறக்குபவருக்கு அந்த வளைவு இடைஞ்சல். யார் தீட்டுவார்கள்? வெட்டி முடித்ததும் துடைத்து வைப்பீர்களா, தொட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பலரும் உண்மை சொல்வதில்லை. ஆனால் கார்பன் எஃகா துருப்பிடிக்காத எஃகா என்பதை அந்தப் பதில்தான் முடிவு செய்கிறது.

கடினத்தன்மையும் அப்படித்தான். எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 62 வரை கொண்டுபோனால் கத்தி மெல்லிய கூரை நீண்ட நாள் வைத்திருக்கும், ஆனால் எலும்பில் பட்டாலோ பக்கவாட்டில் திருகினாலோ வாய் சிதறும். 57, 58-ல் நிறுத்தினால் சீக்கிரம் மழுங்கும், வாய் மடங்கும், ஆனால் உடையாது, வீட்டிலேயே சட்டென்று தீட்டிக்கொள்ளலாம். எண் பெரிதாக இருந்தால் கத்தி உயர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆளைத் தெரியாமல் இரண்டில் எது சரி என்று சொல்ல முடியாது. இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்காமல் "பிடிக்கு என்ன மரம் வேண்டும்?" என்று தொடங்குபவரிடம் நல்ல கத்தி இருக்கலாம். உங்கள் கத்தி இருக்காது.

அப்புறம், மறுப்பு. நீங்கள் கேட்டதில் ஒன்றையாவது "வேண்டாம், அது சரிப்படாது" என்று காரணத்தோடு மறுக்கும் கைவினைஞரை நான் அதிகம் நம்புவேன். கேட்டதெல்லாம் தலையாட்டிச் செய்து கொடுப்பவரின் கை மட்டும்தான் வேலை செய்கிறது, அவருடைய அனுபவம் பொருளுக்குள் போவதில்லை. வாங்குபவருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வரைபடத்தோடு வராதீர்கள், தொல்லையோடு வாருங்கள். "கைப்பிடி நாலு அங்குலம் வேண்டும்" என்பதைவிட "அரை மணி நேரம் வெட்டினால் கட்டைவிரல் அடி வலிக்கிறது" என்பது செய்பவருக்கு ஆயிரம் மடங்கு பயன்படும்.

பொருள் ஆளுக்கு ஏற்றபடி மட்டும் அமைவதில்லை, மூலப்பொருளுக்கு ஏற்றபடியும் அமையும். இது பலரும் யோசிக்காத பக்கம். அமெரிக்க மரக்கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா (1905–1990) பலகையின் இயற்கையான ஓரத்தை அறுத்துத் தள்ளாமல் அப்படியே விட்டார், விரிசலை மறைக்காமல் பட்டாம்பூச்சி வடிவ மரக்கட்டையைக் குறுக்கே பதித்து நிறுத்தினார். மேசையின் நீளம், கால்கள் நிற்கும் இடம் எல்லாம் அந்தப் பலகையைப் பார்த்த பிறகே முடிவாகும். வாங்குபவரின் பெயரையும் அவர் எழுதுவார், மேசையின் அடிப்பக்கத்தில். எந்தப் பலகை யாருக்கு என்று குறித்து வைக்கிற பட்டறைப் பழக்கம் அது.

சரி, கைவேலைக்கு வருவோம். "இயந்திரமே தொடாதது" என்ற பெருமையில் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. ஒட்டுப்பலகையைக் கைவாளால் அறுத்தாலும் இயந்திர வாளால் அறுத்தாலும் அது ஒட்டுப்பலகைதான். பெல்ட் கிரைண்டர் இல்லாமல் கத்தி செய்யும் ஆட்கள் மிகக் குறைவு, நானும் அந்தக் குறைவில் இல்லை. கை எங்கே தேவைப்படுகிறது என்றால், மூலப்பொருள் துண்டுக்குத் துண்டு மாறுகிற இடத்தில். கிட்டார் மேற்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஸ்புரூஸ் மரத்திலிருந்து அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே விறைப்பில் இருக்காது. செய்பவர் வளைத்துப் பார்ப்பார், தட்டிக் கேட்பார், இழைப்பார், மறுபடி வளைத்துப் பார்ப்பார். எல்லாப் பலகையையும் ஒரே தடிமனுக்கு இழைக்கும் இயந்திரம் இந்த இடத்தில் தோற்கும். நவீன கிட்டாரின் வடிவத்தை நிறுவிய ஸ்பானியர் அந்தோனியோ தே தோரஸ் 1862-ல் ஒரு கிட்டார் செய்தார். பக்கங்களும் முதுகும் காகிதக் கூழ். மேற்பலகை மட்டும் நல்ல மரம். ஒலி மேற்பலகையில்தான் பிறக்கிறது என்று காட்டுவதற்காகவே அதைச் செய்தார். அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரிய ரோஸ்வுட் பெயரைச் சொல்லி விலையை ஏற்றுபவர்களைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் காகித கிட்டார்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

தோலில் கைத்தையலுக்கு இன்னொரு நியாயம் இருக்கிறது. தையல் இயந்திரம் மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல் என்று ஒன்றையொன்று கொக்கியாகப் பிடிக்க வைக்கிறது. மேல் நூல் ஓரிடத்தில் தேய்ந்து அறுந்தால் வரிசையாகப் பிரியத் தொடங்கும். கைத்தையலில் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி. குத்தூசி போட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராகப் புகும். நடுவில் ஒரு தையல் அறுந்தாலும் இன்னொரு பக்க நூல் பிடித்துக்கொள்ளும். குதிரைச் சேணம் தைப்பவர்களின் முறை இது, ஏனென்றால் அங்கே தையல் விட்டால் ஆளே கீழே விழுவார். பார்த்தால் அடையாளம் தெரியும்: பெரும்பாலும் தையல்கள் லேசாகச் சாய்ந்து நிற்கும். ஆனால் சாய்வாகத் தைக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன, ஆகவே நூல் வரிசை முடிகிற இடத்தைப் பார்ப்பதும், எப்படித் தைத்தீர்கள் என்று நேராகக் கேட்பதும் நல்லது.

வேண்டுமென்றே கோணலாக விட்டு "கைவேலையின் அழகு" என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. நல்ல கை நேராகத்தான் போகப் பார்க்கும். அப்படியும் மிஞ்சுகிற சின்ன வேறுபாடு வேறு, கவனக்குறைவு வேறு.

ஒரே ஆள் முழுக்கச் செய்ததா என்பதற்கும் தேவைக்கு மேல் மதிப்பு கொடுக்கிறோம். ரஷ்ய அரச குடும்பத்துக்காகச் செய்த ஆபரண முட்டைகளான ஃபேபர்ஷே முட்டைகளை கார்ல் ஃபேபர்ஷே தன் கையால் செய்யவில்லை. மிகாயில் பெர்கின், ஹென்ரிக் விக்ஸ்ட்ரம் போன்ற பட்டறைத் தலைவர்களின் கீழ் அவை உருவாயின, அவர்களுடைய முத்திரையும் அவற்றில் இருக்கும். ஜப்பானிய வாளில் அடிப்பவர் ஒருவர், தீட்டி மெருகேற்றுபவர் ஒருவர், உறை செய்பவர் ஒருவர். அதனால் அந்த வாளின் மதிப்பு குறைந்துவிடவில்லை, ஏனென்றால் யார் எதைச் செய்தார் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. அதே நேரத்தில், ஆயிரக்கணக்கில் வெட்டி வரும் அலகை வாங்கிப் பிடியை மட்டும் மாட்டி "நான் செய்த கத்தி" என்று விற்பது எங்கள் தொழிலில் சாதாரணமாக நடக்கிறது. பிடி போட்டது நான், அலகு வாங்கியது என்று சொல்லிவிட்டால் அதுவும் கண்ணியமான வேலைதான்.

மதிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது, அதனால்தான் இந்தச் சந்தையில் ஏமாற்றுவது எளிது. கத்தியின் உயிர் பதம் வைப்பதில். 1095 என்ற ரகம் போன்ற சாதாரண கார்பன் எஃகைக் கிட்டத்தட்ட 800 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோய், வேகமாகக் குளிரவைக்கும் எண்ணெயில் முக்கி, உடனே 200 டிகிரி அளவில் இரண்டு முறை சூடுகாட்டி, விறைப்பைத் தளர்த்த வேண்டும். சூடு கொஞ்சம் கூடி அங்கேயே நின்றுவிட்டால் எஃகுக்குள் இருக்கும் நுண்ணிய மணிகள் பெருத்துவிடும், கத்தி கண்ணாடியாக உடையும். மெருகேற்றிய பிறகு இரண்டு கத்திகளும் ஒரே மாதிரி மின்னும். இதைச் சோதிக்க அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி ஒரு கடுமையான தேர்வு வைத்திருக்கிறது. விண்ணப்பிப்பவர் தானே அடித்த கத்தியால் தொங்கும் ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், தடித்த கட்டுமான மரத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும், அதற்குப் பிறகும் அதே வாயால் கையில் இருக்கும் முடியை மழிக்க வேண்டும், கடைசியாகப் பிடிப்பானில் மாட்டி 90 டிகிரி வளைத்தால் உடையக் கூடாது. வாய் கடினமாகவும் முதுகு மிருதுவாகவும் பதம் வைத்தால்தான் இது நடக்கும். தேர்வு முடிந்ததும் அந்தக் கத்தி குப்பைதான். உங்கள் சமையல் கத்தி வளைய வேண்டிய அவசியமில்லை. ஆனால் தான் செய்ததில் ஒன்றையாவது உடைத்துப் பார்த்தவரா என்பதை நீங்கள் கேட்கலாம்.

மரத்தில் இதற்கு இணையானது, மரம் அசையும் என்பதை மதிப்பது. பலகை ஈரக்காற்றில் அகலவாக்கில் விரியும், வறண்ட காலத்தில் சுருங்கும், நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. மேசையின் மேற்பலகையைச் சட்டத்தோடு இறுக்கித் திருகி வைத்தால் ஒருநாள் பிளக்கும். தெரிந்தவர் திருகுத் துளையை நீள்வட்டமாக வைப்பார், அல்லது நகர இடம்விட்டுக் கட்டையால் பிடிப்பார். கீழே குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். காலணியில் இதே கேள்வியை உள்ளடியில், அதாவது பாதத்துக்குக் கீழே இருக்கும் உட்தோலில், கேட்க வேண்டும். தையலைப் பிடிக்கும் விளிம்பை உள்ளடித் தோலிலேயே செதுக்கினார்களா, துணிப் பட்டையைப் பசை போட்டு ஒட்டினார்களா? முன்னதை அடி மாற்றி மாற்றிப் பல ஆண்டு போடலாம். பின்னதில் அந்தப் பசை விட்டுப்போகும் அபாயம் எப்போதும் உண்டு. பழுது பார்க்க முடியுமா என்பதை நான் மதிப்பின் பாதி என்றே வைத்திருக்கிறேன்.

வாங்குபவர் சார்பில் வேறொருவர் சோதித்துச் சொல்லும் ஏற்பாடு கைவினையில் அரிது. தங்கம், வெள்ளிக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் 1300-ல் வந்த சட்டத்திலிருந்தே முத்திரை உண்டு. ஆனால் அந்த முத்திரை உலோகத்தின் தரத்தைத்தான் சொல்லும், வேலையின் தரத்தைச் சொல்லாது.

புகழ் என்னும் போதையையும் சொல்ல வேண்டும். வயலின் ஆராய்ச்சியாளர் கிளாடியா ஃபிரிட்ஸும் வயலின் செய்பவர் ஜோசப் கர்ட்டினும் 2010-ல் இண்டியனாபொலிஸில் ஒரு சோதனை நடத்தினார்கள். 21 கலைஞர்களின் பார்வையை மறைத்துப் புதிய வயலின்களையும், புகழ்பெற்ற பழைய இத்தாலியக் கைவினைஞர்களான ஸ்ட்ராடிவாரி, குவர்னேரி செய்த வயலின்களையும் வாசிக்கச் சொன்னார்கள். அதிகம் பேர் விரும்பியது ஒரு புதிய வயலின், குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. ஸ்ட்ராடிவாரி மட்டம் என்று இதற்குப் பொருளில்லை. பெயரைக் கேட்ட பிறகு காது நடுநிலையாக இருப்பதில்லை. வாங்கும்போது கையால் செய்ததையும் தொழிற்சாலையில் செய்ததையும் கண்ணை மூடிக்கொண்டு மாறி மாறிப் பிடித்துப் பாருங்கள்.

மறுவிற்பனை மதிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறதோ அந்த அளவுக்கு அது மற்றவருக்குப் பொருந்தாது. இடதுகைக்காரருக்கு ஒரு பக்கம் மட்டும் தீட்டிய கத்தி, உங்கள் பாதக் கட்டையில் செய்த காலணி, உங்கள் பெயர் பொறித்த பை என எல்லாமே விற்கப் போனால் விலை இறங்கும். இதற்கு விலக்கு உண்டு. நடிகர் பால் நியூமனுக்கு அவர் மனைவி ஜோஆன் உட்வர்ட் வாங்கிக் கொடுத்த ரோலெக்ஸ் டேட்டோனா, தொழிற்சாலையில் செய்த கடிகாரம். பின்பக்கத்தில் "கவனமாக ஓட்டுங்கள், நான்" என்ற பொருளில் ஒரு வரி பொறித்திருந்தது. 2017-ல் நியூயார்க்கில் ஏலம் போனபோது அதுவரை ஏலத்தில் விற்ற கைக்கடிகாரங்களில் அதற்குத்தான் உச்ச விலை. பெயர் பொறித்தால் மதிப்பு கூடும் என்பதற்கு அது சாட்சிதான், ஆனால் அதற்கு நீங்கள் பால் நியூமனாக இருக்க வேண்டும். முதலீடு என்று சொல்லி யாராவது கைவினைப் பொருளை விற்றால் நகர்ந்துவிடுங்கள். பயன்படுத்தத்தான் வாங்க வேண்டும்.

உங்கள் இரண்டு பொருள்களுக்கும் வருகிறேன். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அந்தப் பை பட்டியலிலிருந்து தேர்வு செய்யும் வகை. அதற்குக் கஸ்டம் விலை கொடுக்காதீர்கள். கைத்தையல் உண்மையாக இருந்து, உட்புறமும் ஓரமும் ஒழுங்காக இருந்தால், நல்ல கைவேலைக்குரிய விலை கொடுக்கலாம். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், குறைந்தபட்சம் பிறகு யாருக்காவது கொடுக்கலாம். கத்திக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: அலகு நீங்களே செய்ததா, பதம் எங்கே வைக்கிறீர்கள், எந்தக் கடினத்தன்மை, ஏன் எனக்கு அது? வாய் சிதறினால் திரும்பக் கொண்டுவரலாமா? பதம் வைப்பதை வெளியே நல்ல உலையில் கொடுத்து வாங்குகிறேன் என்று சொன்னால் பயப்பட வேண்டாம், பெரிய பெயர்களும் அதைச் செய்கிறார்கள். "ஏன் எனக்கு" என்பதற்கு அவரிடம் பதில் இல்லையென்றால், அவர் காட்சிக்கு வைத்திருக்கும் கத்திகளிலேயே கைக்கு ஒத்துவருகிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு விலையும் குறைவாக இருக்கும், இன்றைக்கே வீட்டுக்கும் கொண்டுபோகலாம்.